கட்டம் போட்ட பிறகு

என் அக்காவின் பாட வீடியோக்களைப் பார்த்தவர்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். மிஸ் தடுமாறவே மாட்டாங்க, கணக்கைக் கையில் எடுத்தால் விடையில் போய்த்தான் நிற்பாங்க என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஏனென்றால் அந்தத் தடுமாறாமை என் கைவேலை. அக்கா தடுமாறுவாள். நன்றாகவே தடுமாறுவாள். நான் அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவேன்.

நான் திருவள்ளூரில் நீதிமன்றத் தட்டச்சர். சாட்சிகள் சொல்வதைத் தட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் வாயிலிருந்து வருவது அப்படியே தாளில் ஏறாது. "நான் சாயங்காலம் கழனிலேர்ந்து வந்துக்கினு இருந்தேங்கய்யா, இல்ல இல்ல, காலைல. சாயங்காலம்னா சொன்னேன்? காலைல தான்" என்று அவர் இழுப்பார். நீதிபதி முழுவதையும் கேட்டுவிட்டு, "காலையில் நான் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தேன்" என்று சொல்வார். நான் தட்டுவேன். இருமல், மூக்குறிஞ்சல், மென்று விழுங்கல் எதுவும் தாளில் வராது. என் தாளில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது என்று அலுவலகத்தில் பேர். அந்தப் பேருக்காக நான் கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்திருக்கிறேன்.

அக்கா அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியையாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கல்யாணம் நிலைக்காமல் போன பிறகு நானும் வேப்பம்பட்டில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புவரைக்கும் வீடியோ போட ஊர் உலகத்தில் ஆள் இருக்கிறார்கள், அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகள்தான் தமிழில் கேட்க வழியில்லாமல் திண்டாடுகிறார்கள் என்பது அவளுடைய ஆதங்கம். அவளிடம் படித்துக் கல்லூரிக்குப் போன பெண்கள் விடுமுறையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். வந்து உட்கார்ந்து அழுவார்கள். இவர்களுக்காகத்தான் அவள் வீடியோ போட ஆரம்பித்தாள். பி.எஸ்ஸி. படிக்கிறவர்களுக்கும் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குமான பாடங்கள். வெக்டர், கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள். பிறகு இயற்பியல் பிள்ளைகள் கேட்டார்கள் என்று மின்புலம், காந்தப்புலம். வேதியியல் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வினைவேகக் கணக்குகள். அதற்கெல்லாம் அவளே புதிதாக உட்கார்ந்து படித்தாள்.

கூடத்துச் சுவரில் ஒரு பச்சைப் பலகை அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, பொத்தானை அழுத்திவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அவள் தனியாகப் பலகையோடு பேசிக்கொண்டிருப்பாள். இரண்டு தெரு தள்ளி ரயில் பாதை. ஒவ்வொரு வண்டி போகும்போதும் சாக்பீஸைப் பிடித்தபடி நின்று, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவாள். வாரநாளில் நான் கோர்ட்டிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு அதை வெட்டி ஒட்டுவேன். கணிதம் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் வெட்டுவதற்குக் கணிதம் எதற்கு? ரயில் சத்தத்தை வெட்டினேன். செருமலை வெட்டினேன். "இன்னாடா இது, எங்க வுட்டேன் நானு?" என்று அவள் தலையைச் சொறிவதை வெட்டினேன். அவளுக்குப் பாடம் எடுக்கும்போது பாதி எழுத்துத் தமிழ் வரும். குழம்பிவிட்டால் போதும், சரளமாக எங்கள் ஊட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடுவாள். "ப்ளஸ்ஸைப் போட்டுக்கினு போய்க்கினே இருக்கேன் பாரு" என்பாள். பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் பார்க்கிற வீடியோவில் இதெல்லாம் அசிங்கம் என்று எனக்குத் தோன்றியது. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

விடை வந்ததும் அதைச் சுற்றி ஒரு கட்டம் போடுவாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம். கட்டம் போட்ட பிறகும் வாயை மூடமாட்டாள். விடை சரியா என்று வேறு வழியில் போய்ப் பார்ப்பாள், கல்லூரியில் இதே கணக்கில் தான் மண்ணைக் கவ்விய கதையைச் சொல்வாள், ஒரு ஐந்து நிமிடம் போகும். எனக்கு அது வளவளப்பு. கட்டம் போட்டாயிற்று என்றால் கணக்கு முடிந்தது. அந்த இடத்தில் ஒரு வெட்டு. பிறகு 'நன்றி, வணக்கம்' என்கிற அட்டை. கடைசிப் பகுதியை நான் ஓட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அக்கா தன் வீடியோவை ஒருநாளும் பார்த்தது கிடையாது. "என் குரலை நானே கேட்கறதுக்குக் கூச்சமா கீது, போடி" என்பாள். பின்னூட்டங்களையும் நான்தான் கவனித்தேன். சந்தேகம் கேட்டு வருவதை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். வம்புக்கு எழுதுவதை அழித்துவிடுவேன்.

பிறகு அவளுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. டீச்சர் தொண்டை, சாக்பீஸ் தூசி என்று வெந்நீரும் மிளகும் குடித்துக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிவிட்டோம். அந்தக் கரகரப்போடேயே வீடியோவும் எடுத்தாள். கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்றார்கள். அறுவைக்கு உள்ளே கொண்டுபோகிற காலையில், இனி பேச முடியாது என்று தெரிந்த காலையில், அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் கட்டிலைப் பிடித்தபடி கூடவே நடந்தேன். "ஊட்டுல கேஸை மூடினியாடி?" என்று கேட்டாள். மூடினேன் என்றேன். என் அக்காவின் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதி என்னோடு பேசினாள். கழுத்தில் மூச்சுவிட ஒரு துளை இருந்தது. அதன்மேல் வெள்ளைப் பருத்தித் துணியைக் கட்டிக்கொள்வாள். வேலையை விட்டுவிட்டாள். முதல் மாதங்களில் சுவரைப் பார்த்தபடி கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்தவை அந்த வீடியோக்கள்தான். பிள்ளைகள் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். நான் வாசிப்பேன், அவள் பதிலை மடமடவென்று எழுதித் தருவாள், நான் போனில் தட்டிப் போடுவேன். சில நாள் ஒரு சந்தேகத்துக்கு மூன்று பக்கம் எழுதுவாள். அந்த நேரத்தில் முகம் பழையபடி இருக்கும். அவளை டீச்சர் என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பெண் ஒரு புதன்கிழமை மதியம் வந்தாள். எனக்கு உடம்புக்கு முடியாமல் அன்று விடுப்பு. வாசலில் நின்றவளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. ராத்திரி வேலை முடிந்து அப்படியே கிளம்பியவள், அதைக் கழற்ற மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை என்றாள். வாரவிடுமுறை அன்று. அங்கிருந்து ரயிலேறி, சென்னையில் மாறி, எங்கள் ஊருக்கு வந்திருக்கிறாள். அவளுக்குக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அக்காவின் பழைய மாணவியாம். விலாசம் அவர் கொடுத்தது.

அக்காவுக்குக் குரல் போனது அவளுக்குத் தெரியாது. வணக்கம் சொன்னதற்கு அக்கா தலையை மட்டும் அசைத்ததும், கழுத்துத் துணியைப் பார்த்ததும், அவள் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. "தெரியாம வந்துட்டேன் மிஸ், நான் போயிடறேன்" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, 'சந்தேகமா? சொல்லு' என்று எழுதிக் காட்டினாள்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "தப்புன்னு சொல்ல வரல மிஸ். எனக்கு எங்க தப்பு வருதுன்னுதான் தெரில. நாலு வாட்டி போட்டுட்டேன். எனக்கு மைனஸ் எட்டு வருது. உங்களுக்கு எட்டு வருது."

ஒரு சதுரத்தின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற கணக்கு. கணக்கு எனக்குப் புரியாவிட்டாலும் பிறகு எனக்குப் புரியவைத்ததைச் சொல்கிறேன். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றினால் கூட்டல் குறி, முள்ளோடு சேர்ந்து சுற்றினால் கழித்தல் குறி. இது எல்லா ஊரிலும் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்தக் கேள்வியில் முள்ளோடு சுற்றச் சொல்லியிருந்தது. அப்படியென்றால் மைனஸ் எட்டுதான் வரவேண்டும். அக்கா நோட்டை ஒரு பார்வை பார்த்தாள். 'நீ போட்டதுதான் சரி' என்று எழுதினாள்.

"ஆனா வீடியோல..." என்று அந்தப் பெண் இழுத்தாள்.

அக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் போனை எடுத்து, அந்த வீடியோவைத் தேடிப் போட்டேன். அறுவைக்கு முன்னால் அவள் எடுத்த கடைசிப் பாடம் அது. தன் வீடியோவை அக்கா முதன்முறையாகப் பார்த்தாள். தன் குரலைக் கேட்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். திரையில் இருந்தவள் கேள்வியை வாசித்தாள், சதுரம் வரைந்தாள், மேலிருந்து கீழே தங்குதடையில்லாமல் எழுதிக்கொண்டே வந்தாள், எட்டு என்று எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டாள். நன்றி, வணக்கம்.

பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்போ நான் மொதல்ல போட்டதே கரெக்டா மிஸ்?" கேட்டுவிட்டு, மேலே சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள். சொல்லிவிட்டாள். "என்ட்ரன்ஸ்ல இதே மாரி ஒண்ணு வந்துச்சு. மொதல்ல மைனஸ்ல தான் வச்சேன். அப்புறம் மிஸ் ப்ளஸ் போட்டாங்களே, நமக்குத் தெரியாத காரணம் ஏதாச்சும் இருக்கும்னு திரும்பிப் போய் மாத்திட்டேன். சீட்டு வரல. இந்த ஒரு கணக்காலதான்னு சொல்ல மாட்டேன் மிஸ், வேற தப்பும் பண்ணியிருப்பேன். எங்க நைனா கல்யாணத்துக்கு இன்னொரு வருசம் வெயிட் பண்றேன்னு சொல்லிட்டாரு. அதான் இந்த வாட்டி தெளிவா தெரிஞ்சிக்கினு எழுதலாம்னு வந்தேன்."

குற்றம் சொல்கிற தொனி துளிக்கூட இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை. அக்கா பேனாவை எடுத்தாள். 'தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ' என்று எழுதினாள். அந்தப் பெண் பதறிப்போய்த் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். சாப்பிடச் சொன்னோம். பையிலிருந்த தன் சாப்பாட்டையே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, நாலு மணி வண்டிக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் அக்கா எனக்கு எழுதியது இது: 'எல்லாத்தையும் எடுத்துடு.'

எதை என்றேன்.

'எல்லா வீடியோவும். தப்பு கண்ணு முன்னாடி இருக்கு. நான் பார்க்கல. அப்பவே மூளை சரியில்ல போல. இன்னும் எத்தினி இருக்கோ. எத்தினி பிள்ளைங்க இதைப் பார்த்து மாத்தி எழுதினாங்களோ.'

ஒரே ஒரு கணக்குக்கா என்றேன். மனுஷிதானே நீ, தப்பு வராதா என்றேன். அவள் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வந்த சந்தேகத்தை வாசித்தேன். கையை ஆட்டி வேண்டாம் என்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைவரைக்கும் உனக்கு நேரம் தருகிறேன், நீ எடுக்கவில்லையென்றால் நான் எடுக்கிறேன் என்று எழுதி வைத்தாள். அவளை எனக்குத் தெரியும். செய்துவிடுவாள். செய்தபின் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இந்த முறை எழுப்ப ஒன்றும் இருக்காது.

எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வீடியோவின் கீழே முன்பு ஒருவர் எழுதியது நினைவுக்கு வந்தது. 'ஆன்சர் தப்பு, டைரக்‌ஷனைப் பாருங்க.' அதை நான் அழித்திருந்தேன். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள், இவன் வந்து எனக்கு டைரக்‌ஷன் காட்டுகிறானா என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம். படித்துக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

வீடியோ ஏற்றியதும், வெட்டாத மூலத்தை அழித்துவிடுவது என் வழக்கம். கேமராவின் மெமரி கார்டில் அடுத்த வாரத்துக்கு இடம் வேண்டுமே. ஆனால் அந்தக் கடைசி வாரத்துக்கு அடுத்த வாரம் வரவேயில்லை. ஆஸ்பத்திரி என்று ஓடியதில் கேமரா அப்படியே பைக்குள் போய், பை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மதியம் அக்கா தூங்கியபோது அதை இறக்கினேன். பேட்டரி ஏறியதும் திறந்தேன். இருந்தது.

இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, முதன்முறையாக, கட்டம் போட்ட இடத்துக்கு அப்பால் ஓட்டவிட்டேன்.

எட்டு என்று எழுதிக் கட்டம் போட்டாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். இருமினாள். ஒரு ரயில் போயிற்று, நின்றாள். பிறகு பலகைக்குத் திரும்பி, "சரி, இது கரெக்டான்னு நாலு பக்கமும் நடந்து பார்த்துடலாம்" என்றாள். கரகரத்த குரலில், சதுரத்தின் ஓரத்தில் விரலை வைத்து, முள் சுற்றுகிற திசையில் நடந்தாள். "மொதப் பக்கம் சைபர். ரெண்டாவது, மைனஸ் நாலு. மூணாவது, மைனஸ் நாலு. நாலாவது சைபர். மொத்தம் மைனஸ் எட்டு." விரல் நின்றது. "மைனஸ் எட்டா? இன்னாது இது, மேல எட்டுன்னு கட்டம் கட்டி வச்சிக்கினு கீறேன்?" ஒரு நிமிடம் பலகையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரிப்பில் இருமல் கலந்து வந்தது. "அட ஆமா! முள்ளோட சுத்துன்னு கேள்வியிலயே சொல்லிக்கிறான். நான் பாட்டுக்குப் பழக்க தோஷத்துல எதிர்ல சுத்திட்டேன். பார்த்தீங்களா பசங்களா, முப்பது வருசம் சொல்லிக்குடுத்தவளுக்கே இப்படி ஆவுது. அதனால கட்டம் போட்டாச்சுன்னு எழுந்து போயிடாதீங்க. திரும்ப ஒரு வாட்டி நடந்து பாருங்க. உங்களுக்கு வேற விடை வந்தா, எதிர்ல இருக்கிறது டீச்சராவே இருந்தாலும், மொதல்ல உங்க கணக்கை நம்புங்க." எட்டுக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தாள்.

கட்டிலில் தூங்குகிறவளைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது மிகச் சரியாக இந்த வார்த்தைகள்தான். அக்கா சொல்லியிருக்கிறாள். நான் வளவளப்பு என்று வெட்டியிருக்கிறேன். நீதிபதி ஒரு வாக்கியத்தைச் சுருக்குவதற்கு முன்னால் சாட்சி சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்தது அவர் சுருக்குவதை மட்டும்தான்.

அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் மொட்டை மாடிக்குப் போய் அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் எந்திரச் சத்தம். உணவு இடைவேளை, சொல்லுங்கக்கா என்றாள். தப்பு மிஸ் செய்யவில்லை, அவங்க திருத்திட்டாங்க, நான்தான் வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். உன் ஒரு வருஷம் என்னால் போயிருக்கலாம் என்றேன்.

"மிஸ்ஸாண்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.

"மொதல்ல அவங்களாண்ட சொல்லுங்கக்கா. அன்னிக்கு அவங்க மூஞ்சியப் பார்த்து நான் ரயில்ல அழுதுக்கினே போனேன்" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குளித்துவிட்டு வந்து, போனைக் கேட்டுக் கையை நீட்டினாள். நான் கேமராவைக் கொடுத்தேன். இதைப் பார், பார்த்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்றேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அவள் உட்கார்ந்து பார்த்தாள். கட்டம் போட்டதும் முகத்தைத் திருப்பப் போனவள், தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டு மறுபடி பார்த்தாள். நாலு பக்கமும் நடந்ததைப் பார்த்தாள். "இன்னாது இது" என்று அந்தச் சின்னத் திரைக்குள் அவள் குரல் கேட்டதும் கை வாயைப் பொத்திக்கொண்டது. திரையில் இருந்தவள் சிரித்தபோது இவளும் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கழுத்துத் துணி அசைய. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் திரும்ப ஓட்டினாள். மூன்றாம் முறை ஓட்டும்போது, சிரிக்கிற இடத்தில் நிறுத்தி அங்கேயே முன்னும் பின்னும் போனாள்.

நான் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது, பார்க்காமல் வெட்டியது, எழுதியவரை அழித்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே பேனாவைத் தேடினாள்.

'லூசு' என்று எழுதினாள். அதன் கீழே, 'என் மூளை நல்லாத்தான் இருந்திருக்கு.' அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, சந்தேகத்துக்குப் பதில் எழுதுகிற அந்தப் பழைய வேகத்தில் எழுதினாள். 'எதையும் எடுக்க வேணாம். இதை அப்படியே போடு. இருமல், ரயிலு எல்லாம் இருக்கட்டும். வெட்டாதே. அந்தப் பொண்ணுக்கு முதல்ல அனுப்பு.'

சரி என்றேன். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. எழுந்து காபி போடலாம் என்று பார்த்தேன். அவள் என் கையைத் தட்டி உட்காரச் சொன்னாள். இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆசை. சின்ன வயதில்கூட அவளிடம் நான் பார்த்ததில்லை.

'மத்ததையும் இப்படியே கொண்டா. எல்லாத்துலயும் நான் இப்படித்தான் பேசியிருப்பேன் இல்ல? கேட்கணும் போல இருக்கு.'

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அவள் சிரித்தது, தன்னையே திட்டிக்கொண்டது, ரயில் போகும்வரை பாட்டு முணுமுணுத்தது. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து வெட்டிவிட்டு, இடம் வேண்டும் என்று அழித்தவள் நான். இருக்கிற வீடியோக்களில் பேசுகிறவளுக்கு இருமல் வராது, சந்தேகம் வராது, சிரிப்பும் வராது.

"அழிச்சிட்டேன்க்கா" என்றேன். "ஏத்தினதும் அழிச்சிடுவேன். இது ஒண்ணுதான் தப்பிச்சது."

அவள் புரியாத மாதிரி என்னைப் பார்த்தாள்.

'ஒண்ணு கூடவா இல்ல?'

"ஒண்ணு கூட இல்லக்கா."